அணு இளைத்த ஆண்டு

என்னோடு ஒரே பள்ளியில், ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே மணியோசைக்கு அமர்ந்த தோழியரே! மேடை ஏறினால் இறங்க மனம் வராதவள் என்று நீங்கள் என்னைக் கேலி செய்ததை நான் மறக்கவில்லை. இந்த வயதிலும் அந்தக் கேலிக்கு நான் தகுதியானவள்தான். ஆயினும் இன்று எதையும் நிலைநாட்ட நான் வரவில்லை. எவரையும் வெல்லவும் வரவில்லை. ஒரு கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

அது என் தங்கையின் விரல். உடன்பிறந்தவள் அல்லள், சித்தப்பாவின் மகள். என்னைவிடச் சில மாதமே இளையவள். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்பதாம் வகுப்பில் நாம் படித்தபோது அந்த விரலின் அகலம் பதினெட்டு மில்லிமீட்டர். அதை அடிப்படையாக வைத்து, கண்ணுக்குத் தெரியாத அணுவை அளந்தோம். மறு ஆண்டு ஆடி பிறப்பதற்குள் அந்த விரலுக்குரியவள் இவ்வுலகில் இல்லை. நம் பள்ளி அதைக் காய்ச்சல் என்று சொல்லிக் கடந்துவிட்டது. உங்களில் பலரும் அப்படியே நம்பியிருப்பீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு தறிகள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது, மற்றது சித்தப்பாவுடையது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. ஒரு பக்கம் சித்தப்பா உட்கார, மறுபக்கம் தங்கை உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுசெல்லும் நாடாக்கட்டையைத் தள்ளுவாள். பள்ளி விட்டு வந்ததும் பாவாடையைச் செருகிக்கொண்டு அவள் அங்கே போய்விடுவாள். எனக்கு அந்த வேலை வரவில்லை. வாய் ஓயாமல் பேசினால் இழை தப்பும் என்று அப்பா என்னைத் தறிப்பக்கம் விடுவதில்லை. தறியில் இழைகளை எண்ணி எண்ணியே அவளுக்குக் கணக்கு வந்தது. எட்டெட்டாகப் பெருக்கவும் வகுக்கவும் அவளுக்குப் பென்சில் தேவைப்பட்டதில்லை. நான் பேசுவேன், அவள் கணக்கிடுவாள். கடவுள் எங்கள் இருவரையும் சேர்த்து ஓர் ஆளாகப் படைக்க நினைத்துப் பின் மனம் மாறியிருப்பார் என்று நம் தமிழம்மா சொல்வதுண்டு.

தமிழம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி, வகுப்பறையையும் மாநாட்டுப் பந்தலாக மாற்றும் குரல். ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்தார். கீழ்ப்படியில் அணு. எட்டு அணு ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சுத்துகள். எட்டுப் பஞ்சுத்துகள் ஒரு மயிர். எட்டு மயிர் ஒரு மணல். எட்டு மணல் ஒரு கடுகு. எட்டுக் கடுகு ஒரு நெல். எட்டு நெல் ஒரு விரல். உச்சிப் படியில் நின்றது அந்த விரல். தேர்த்துகள் என்பது இன்னதென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வைகாசித் தேர் ராஜவீதியில் திரும்பும்போது சக்கரத்தடியிலிருந்து எழும் புழுதி, வெயிலில் பொன்னாகச் சுழல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

"தை மாசம் ஊர்ப் பள்ளிகளுக்குள்ள பட்டிமன்றம்" என்றார் தமிழம்மா. "தலைப்பு, அணுவை முதலில் அளந்தவர் தமிழரே. நம்ம பள்ளி அந்தக் கட்சி. பேசப் போறவ யாருன்னு நான் சொல்லணுமா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் அடக்கமாக இருப்பதுபோல் தலை குனிந்தேன். அடக்கம் எனக்கு எப்போதும் ஒரு பாவனையாகத்தான் இருந்திருக்கிறது.

முதல் தடை நம் அறிவியல் டீச்சரிடமிருந்து வந்தது. குள்ளமான உருவம், குரலை உயர்த்தாமலே ஆளை வீழ்த்திவிடும் அம்மையார். ஆய்வுக்கூடத்தில் நான் என் முன்னுரையை ஒப்பித்துக் காட்டியபோது அவர் ஒரு குடுவையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எட்டு எட்டா ஏணி கட்டினா போதுமாம்மா? உங்க அணு எத்தினி மைக்ரான்?"

மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ரம் என்று அவரே சொன்னார். விரல் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால் ஏணி முழுவதும் தெரிந்துவிடும். ஆனால் எவர் விரல்?

அந்த வினாவுக்கு விடை கண்டது தங்கைதான். "எட்டு நெல் ஒரு விரல்னுதானே இருக்குது டீச்சர்? நெல்ல அடுக்கிப் பார்ப்போம். யார் விரலுக்குச் சரியா இருக்குதோ, அவங்கதான் அளவு."

மாகறலில் நிலம் வைத்திருந்த உறவினரிடமிருந்து சித்தப்பா ஒரு கைப்பிடி நெல் வாங்கி வந்தார். ஆய்வுக்கூட மேசையில் எட்டு மணிகளை, வயிறும் வயிறும் ஒட்டினாற்போல் அடுக்கினோம். பக்கத்தில் வகுப்பே வரிசையாக வந்து கட்டைவிரலை வைத்தது. புதுநெல்லின் உமி வாசம் அந்த அறையின் கந்தக நெடியை மீறி எழுந்தது.

"ஹெட்மிஸ்ட்ரஸ் விரலுக்கு ஒரு மரக்கா நெல்லு வேணும்டி!"

"மெதுவா பேசுடி, காதுல வுழுந்தா உன்னைய உரல்ல போட்டு இடிப்பாங்க."

என் விரல் ஏழு நெல்லோடு நின்றுவிட்டது. உலகின் அளவுகோலாக இருக்கும் தகுதி எனக்கில்லை என்பதை ஏற்க எனக்கு அன்று முழுவதும் ஆயிற்று. தங்கை தன் விரலை வைத்தாள். முதல் மணியின் ஓரமும் எட்டாம் மணியின் ஓரமும் அவள் விரலின் இரு ஓரங்களோடு கோடு கிழித்தாற்போல் பொருந்தின. தமிழம்மா கைதட்டினார். அறிவியல் டீச்சர் பெட்டியிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து, அதன் இரண்டு எஃகுத் தாடைகளுக்கு நடுவில் அந்த விரலை வைத்தார்.

"ஜில்லுனு இருக்குது டீச்சர்" என்று தங்கை சிரித்தாள்.

"பதினெட்டு. புள்ளி பூஜ்யம்."

விரலை எட்டெட்டாக வகுத்து ஏழு படி இறக்கினால் ஒரு விரலில் இருபது லட்சத்துக்கும் மேல் அணுக்கள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு உதடசைத்தாள். நெல், இரண்டேகால் மில்லிமீட்டர். மயிர், நாலரை மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. பஞ்சுத்துகள், ஏறக்குறைய அரை மைக்ரான். கடைசியில் சொன்னாள்: "அணு எண்பத்தாறு ஆங்ஸ்ட்ரம், டீச்சர்."

"நிஜ அணு ரெண்டு மூணு ஆங்ஸ்ட்ரம்தான். உங்களுது முப்பது மடங்கு பெரிசு. அதை விடு, உங்க ஏணியில கடுகு கால் மில்லிமீட்டர்னு வருது. எங்க வூட்டுக் கடுகு அதைப் போல ஆறு பங்கு இருக்குது."

"அது ஏணிப் படி டீச்சர். தாளிக்கிற கடுகு இல்ல."

அறிவியல் டீச்சரே சிரித்துவிட்டார். தங்கை தொடர்ந்தாள்: "இன்னும் ரெண்டு படி கீழ எறங்கினா ஒண்ணே கால் ஆங்ஸ்ட்ரமுக்குக் கொஞ்சம் மேல வந்துடும். நம்ம ஆளுங்க ரெண்டு படிதான் கட்டாம வுட்டுட்டாங்க."

அந்த ஒரு வரியில் என் பேச்சின் முடிவுரை எனக்குக் கிடைத்துவிட்டது. நுண்ணோக்கி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, வெறும் சிந்தனையைக் கொண்டு அணுவின் வாசலுக்கு இரண்டே படி தொலைவில் வந்து நின்றார்கள்! இந்த வாக்கியத்தை நான் குளிக்கும்போது சொன்னேன்; சாப்பிடும்போது சொன்னேன்; உறக்கத்திலும் சொன்னதாக அம்மா குறைப்பட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கட்டைவிரலுக்கு எங்கள் வீட்டில் ஓர் இளவரசியின் வாழ்வு வந்தது. சாயத் தொட்டியின் பக்கம் அவள் போகக்கூடாது, சூடான பாத்திரத்தைத் தொடக்கூடாது, அரிவாள்மணையை எடுக்கக்கூடாது. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குச்சியில் சுற்றும் வேலையைச் சித்தியே ஏற்றுக்கொண்டாள். விரல் காய்த்துப்போனால் அகலம் மாறிவிடும் என்று தமிழம்மா எச்சரித்திருந்தார். நகம் வெட்டும் பொறுப்பைக்கூடச் சித்தப்பா தம் கையில் எடுத்துக்கொண்டார். கோர்வைக்கு மட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை; அப்போது விரலைச் சுற்றி மெல்லிய பட்டுத் துண்டு ஒன்றைக் கட்டி விடுவார். ஜரிகை கொண்டுவரும் வியாபாரியிடம் அவர் பேசியது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

"பாய், இப்டி வாங்க. இந்தப் பொண்ணு விரல்லதான் அணுவையே அளந்துக்கினு இருக்காங்க."

"மாஷா அல்லா! அப்போ இந்த ஜரிகை எவ்ளோ பொடுசுன்னு சொல்லும்மா, பார்ப்போம்."

அவள் சொன்னாள். வியாபாரி தம் தாடியைத் தடவிக்கொண்டு, இனி இந்த வீட்டில் எடை ஏமாற்ற முடியாது என்றார். சித்தப்பா வெடித்துச் சிரித்தார்.

ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு பள்ளி, எல்லாம் சேர்ந்து ஒரு விரலுக்குக் காவல் நின்றன.

இருமலோ, எங்கள் தெருவில் எவருக்கும் செய்தி அன்று. பட்டு நூலிலிருந்து பறக்கும் பிசிறு எந்நேரமும் காற்றில் இருக்கும். காலையில் தெருவே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் விழிக்கும். ஆகையால் ஐப்பசியில் தங்கை இருமத் தொடங்கியபோது எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தறிக்கூடத்தின் மேலே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. பிற்பகலில் அதன் வழியே ஒரு கற்றை வெயில் சரிந்து அவள் மடியில் விழும். அந்தக் கற்றைக்குள் பிசிறுகள் நீந்துவதைப் பார்த்துவிட்டு நான் கூவினேன்.

"இதான் பஞ்சுத்துகளா?"

"இல்லக்கா. கண்ணுக்குத் தெரியறது எல்லாமே பெரிசு. பஞ்சுத்துகளு அரை மைக்ரான். அது இதுக்குள்ளதான் இருக்குது, நமக்குத் தெரியாது" என்றாள். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்தது. கற்றையில் இருந்த துகள்களெல்லாம் ஒருசேரப் புரண்டு விலகி, மெல்லத் திரும்பி வந்தன.

தெருமுனையில் மருந்து கலக்கிக் கொடுத்துவந்த கம்பவுண்டர் சிவப்பு மிக்ஸ்சர் ஒரு புட்டி கொடுத்தார். "தறிக்காரங்க வூட்ல இருமாத புள்ள யாரு? இருமாட்டிதான் நான் பயப்படுவேன்" என்றார். மாலையில் உடம்பு காய்ந்தது. தறியில் உட்கார்ந்த சூடு என்றாள் சித்தி. தாவணி தோளில் நிற்காமல் நழுவியது. "ஒசரம் வளருது, ஒடம்பு எளைக்குது. இந்த வயசுல நானும் இப்டித்தான் இருந்தேன்" என்றாள். அவள் சொன்னது அன்பில்லாமல் சொன்னதன்று. உளுந்துக் களி கிண்டினாள், நல்லெண்ணெய் ஊற்றினாள், பெருமாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். டாக்டரிடம் காட்டலாமா என்று என் அம்மா ஒருமுறை கேட்டபோது தங்கையே குறுக்கிட்டாள்.

"பட்டிமன்றம் முடியட்டும் பெரியம்மா. ஊசி போட்டா கை வீங்கிக்கும்."

தோழியரே, அவள் வாழ்வில் அதற்கு முன் மேடை ஏறியதில்லை. பரிசு பெறும் நாளில்கூட மேடைக்குக் கீழே நின்று என் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்பவளாகவே இருந்தாள். ஊரார் முன் கரும்பலகை ஓரமாக நின்று, தன் விரலிலிருந்து அணு வரைக்கும் ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்ட வேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஆசை. அந்த ஆசையை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் மதித்தார்கள்.

தை பிறந்தது. கோயில் சன்னதித் தெருவில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம். முன்வரிசையில் தலைமையாசிரியர்கள், பின்னால் வேட்டியில் பட்டுப் பிசிறு ஒட்டிய எங்கள் தெரு ஆண்கள், தூண்களைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள். வாழைத்தார் வாசமும் கர்ப்பூர வாசமும் கலந்து கிடந்தன. எதிரணியில் ஆண்கள் பள்ளி. அதன் தலைவன் மீசை அரும்பிய, நாக்கில் முள் வைத்த ஒருவன். நடுவராக வந்தவர் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் பேராசிரியர்.

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று நானே சொல்வது முறையன்று. ஆனால் சொல்லாமலிருப்பதும் என் இயல்பன்று. மண்டபம் என் கையில் இருந்தது. இரண்டே படி தொலைவு என்ற இடத்துக்கு வந்தபோது எழுந்த கைதட்டலில் தூணில் கட்டிய வாழை அசைந்தது. பிறகு தங்கை எழுந்தாள். புதுத் தாவணி, கையில் சுண்ணாம்புக்கட்டி, குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. விரல், நெல், கடுகு, மணல் என்று இறங்கி எண்பத்தாறு ஆங்ஸ்ட்ரம் என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இதுவரை எந்த மேடையிலும், எந்த வெற்றியிலும், எவரிடத்தும் பார்த்ததில்லை.

எதிரணித் தலைவன் எழுந்தான். "நடுவர் அவர்களே! அம்மையாரின் அளவுகோல் மேடை மேலேயே நிற்கிறது. மறுபடியும் ஒருமுறை அளந்து பார்த்துவிடலாமே!"

நடுவர் சிரித்துக்கொண்டே தம் பைக்குள்ளிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். தங்கையின் கையைப் பிடித்தார்.

"கை சுடுதேம்மா. மேடை பயமா?"

"இல்லீங்க சார்."

"பயப்படாத. எல்லாருக்கும் வரும்." விரலைத் தாடைகளுக்கு நடுவே வைத்துக் குனிந்து படித்தார். முகம் சற்று மாறியது. மறுபடி அளந்தார். "பதினாறு புள்ளி எட்டு" என்றார்.

 அடுத்த கணம் எதிரணித் தலைவன் இரு கைகளையும் விரித்தான்.

"ஐயையோ! ஆறு மாசத்துல இவங்க அணு எளைச்சுப் போச்சே! யாராச்சும் கஞ்சி ஊத்துங்கம்மா!"

சிரிப்பு அலை அலையாக எழுந்தது. முன்வரிசை சிரித்தது; பின்வரிசை சிரித்தது; எங்கள் தெருக்காரர்களே சிரித்தார்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆறு மாதமாக அந்த விரலைக் காத்து வந்த சித்தப்பா மட்டும் எழுந்து, "அந்தக் கருவி துரு புடிச்சிருக்கும் சார்" என்று கத்தினார்.

நடுவர் அவளிடம் தணிந்த குரலில், "நான் அழுத்திப் புடிச்சிருப்பேனோ என்னவோ. கொஞ்சம் லூசா வைக்கட்டுமா?" என்றார்.

"வேணாம் சார். அளவு சரியாத்தான் இருக்குது."

அவள் கரும்பலகைக்குப் போனாள். எண்பத்தாறைத் துடைத்தாள். சிரிப்பு அடங்காத அந்த மண்டபத்தில், கூரையைப் பார்த்து உதடசைத்து, எண்பது என்று எழுதினாள். துடைத்த சுண்ணாம்புத் தூள் பறந்து அவளுக்கு இருமல் வந்தது. வாயைத் தாவணியால் பொத்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் நடுவர் தீர்ப்பில். "ஆனால் மாறுகின்ற ஒன்று அளவுகோல் ஆகாது. எதிரணியே வென்றது."

திரும்பும்போது ஆசிரியைகள் இருவரும் எங்களோடு ஒரே ஜட்கா வண்டியில் வந்தார்கள். குதிரையின் குளம்பொலிக்கு மேல் அவர்களின் பூசல் ஒலித்தது.

"முதல்ல நீங்க தப்பா அளந்திருக்கீங்க" என்றார் தமிழம்மா.

"நான் தப்பா அளக்கலை. உங்க முன்னோர் அளவே ரப்பரு. ஆளுக்கு ஒண்ணு, நாளுக்கு ஒண்ணு."

"பனிக்காலத்துல விரல் சுருங்கும். அதைக் கூடவா உங்க விஞ்ஞானம் சொல்லித் தரலை?"

தமிழின் மானத்துக்காக ஒருவரும் அறிவியலின் மானத்துக்காக ஒருவரும் வழக்காட, இருவருக்கும் நடுவில், இருவர் முழங்காலும் இடிக்க உட்கார்ந்திருந்தவள் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். விரலில் குறைந்துபோனது ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் ஏணியில் நான்கு கடுகு. அந்த நான்கு கடுகு எங்கே போயின என்று ஊரே விவாதித்தது. கருவியில் தேடினார்கள், பருவத்தில் தேடினார்கள், பழைய நூலில் தேடினார்கள். அவள் உடம்பில் தேட எவருக்கும் தோன்றவில்லை.

மாசியில் ஒரு மாலை, அவள் சித்தப்பாவுக்கு எதிரே கோர்வைக்கு உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தது. வாய் பொத்திய கை சிவந்திருந்தது.

"வெத்தல போட்டியாடி?" என்றார் சித்தப்பா, சற்றுக் கடுமையாக. சேலையில் கறைபடும் என்ற கவலை அவருக்கு.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவர் நாடாவைக் கீழே வைத்தார். பின்னர் அந்தத் தறியில் அந்தச் சேலை நெடுநாள் பாதியிலேயே நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் பிடித்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நான் அப்பாவின் பின்னால் நின்றேன். இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பஞ்சு அடைத்தாற்போல் இருந்தது.

"காச நோய். ஆறேழு மாசத்துச் சங்கதி இது. முன்னாடியே கூட்டியாந்திருந்தா மருந்துலயே தீத்திருக்கலாம். புள்ள இப்டி இளைச்சிருக்குதே, வீட்ல ஒருத்தருக்குமா தெரியலை?"

சித்தப்பா அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்: "தெரிஞ்சுது டாக்டர். மேடை மேல வச்சு அளந்தே சொன்னாங்க."

டாக்டருக்கு அது புரியவில்லை.  வாய்ச்சொல்லில் வல்லவள் என்று பெயரெடுத்த நானும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ரயிலேறிப் போக வேண்டிய ஓர் ஊரில், காச நோயாளிகளுக்கென்று இருந்த மருத்துவமனையில் அவளைச் சேர்த்தார்கள். வேப்ப மரங்களுக்கிடையே நீளநீளமான ஓட்டுக் கட்டடங்கள், பினாயில் நெடி, காற்றுக்காக எப்போதும் திறந்தே கிடந்த சன்னல்கள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நான் முற்றத்தில் ஒரு மரத்தடியில் நிற்பேன். அவள் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நடுவில் வெயில் விழுந்து கிடக்கும். அங்கிருந்தே பேசிக்கொள்வோம். வைகாசியில் நான் கடைசியாகப் போனபோது அவள் முகத்தில் பழைய குறும்பு இருந்தது.

"அக்கா, டாக்டர் கிட்ட கேட்டுட்டேன். அந்தக் கிருமி எத்தினி மைக்ரான்னு."

"இன்னா சொன்னாரு?"

"முதல்ல மொறைச்சாரு. அப்பால சொன்னாரு. நீளம் மூணு மைக்ரான், அகலம் அரை மைக்ரானாம். நம்ம ஏணில அகலம் ஒரு பஞ்சுத்துகளு."

"சரியாவா?"

அவள் கட்டைவிரலை உயர்த்தி வெயிலில் பார்த்தாள். அவ்வளவு தொலைவிலிருந்தும் அந்த விரல் எனக்குப் பென்சிலாகத் தெரிந்தது.

"அது எந்த விரலுன்றதப் பொறுத்துதுக்கா. பழைய விரல்ல ஒரு பஞ்சுத்துகளுக்குக் கொஞ்சம் கம்மி. இப்ப இருக்கற விரல்ல ஒண்ணத் தாண்டிப் போச்சு." மூச்சு வாங்கியது, நின்றாள், பிறகு கணக்கை முடிக்கும் பிள்ளையின் நிதானத்தோடு சொன்னாள். "நான் எளைக்க எளைக்க அது பெருசாவுது."

செவிலி வந்து அவளை உள்ளே அழைத்துப் போனாள். எத்தனையோ அரங்குகளில் எதிர்வாதத்துக்கு எதிர்வாதம் தொடுத்திருக்கிறேன். நம் காலம் போய் நானோமீட்டர் என்ற சொல் நம் பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. மைக்ரானைத் தட்டினால் எதுவாக வேண்டுமானாலும் மாற்றித்தரும் கருவி நம் கைப்பைக்குள் இருக்கிறது. ஆனால் அந்த முற்றத்தில் அவள் சொன்ன கணக்குக்கு விடையாக ஒரு சொல் இன்றளவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனி முடிவில் அவளை ஒரு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மணமாகாதவர்களை எரிப்பது எங்கள் வழக்கமன்று; புதைப்பார்கள். தெரு முழுவதும் தறிச்சத்தம் நின்றிருந்தது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. நம் தமிழம்மா வந்திருந்தார். அறிவியல் டீச்சரும் வந்திருந்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நின்றார்கள்.

குழி வெட்டும் ஆள் அளவெடுக்க வந்தார். பாலாற்று மணலில் உழைத்து உழைத்துப் பருத்த கைகள் அவருடையவை. பாடையருகே மண்டியிட்டு, தலைமாட்டிலிருந்து சாண் சாணாகக் கையை எடுத்து வைத்துக்கொண்டு போனார். அவளைத் தொடாமல், பக்கத்துத் தரையில் வைத்தே அளந்தார். எவருக்கும் தம் கைக்குத் தம் உடல் எட்டுச் சாண் என்பார்கள். அவருடைய கைக்கு அவள் ஆறு சாணோடு முடிந்துவிட்டாள். மிச்சத்துக்கு விரல்களைப் படுக்க வைத்துப் பார்த்தார்.

"ஆறு சாண், நாலு விரலுங்க" என்றார் சித்தப்பாவிடம். "ஏழு சாணா வெட்டினா தாராளமா இருக்கும்."

சித்தப்பா அதுவரை அழவில்லை. தரையில் அந்தக் கை பதித்துப்போன இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எட்டு சாண் வெட்டுப்பா."

"எதுக்குங்க? பொண்ணு சின்னதுங்க."

"எட்டு சாண் வெட்டு. உன் கையாலயே எட்டு."

அந்த ஆள் தம் கையை ஒருமுறை விரித்துப் பார்த்தார். பிறகு, "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.